எர்த் வரல

பள்ளத்தூர். ஞாயிறு, பகல் பதினொன்று.
அறுபத்தொன்பதாம் வருஷத்து ஃபியட்.
சாவியைத் திருப்பினால்
அரைத் தூக்கத்தில் புரண்டு படுக்கிற மாதிரி ஒரு சுற்று,
அப்புறம் டிக்.
அவ்வளவுதான்.

புதன்கிழமை மாப்பிள்ளை அழைப்பு இதில்தான் என்றார் தேனப்பன்.
மூன்று நாள் முன்புதான்
காரைக்குடியில் பெயிண்ட் அடித்து வந்தது.
வளவுச் சுவரின் முட்டைப் பூச்சுக்குப் பக்கத்தில்
நிறுத்தியிருந்தார்.
எது சுவர், எது கார்க் கதவு,
இரண்டிலும் என் முகம்.

"சோக்குக் குமிழ் கையைச் சுடுது" என்றாள்
அவர் தங்கை உமையாள், அதை ஓட்டி வந்தவள்.
"வெயில்" என்றார் அண்ணன்.
நானும் தலையாட்டினேன்.
சித்திரையில் எதுதான் சுடாது?

பழகின வரிசையில் ஆரம்பித்தேன்.
டிஸ்டிரிபியூட்டர் மூடியைக் கழற்றி
பாயிண்ட்டை உப்புத்தாளால் தேய்த்து
ஃபீலர் கேஜ் நுழைத்து இடைவெளி வைத்தேன்.
உள்ளே யாரோ வெற்றிலைப் பைக்குக் கணக்கு எடுத்தார்கள்:
"மேல வீட்ல எத்தனை புள்ளி?"
எனக்கு இங்கே ஒரே புள்ளி,
அதுவும் ஒத்துவரவில்லை.
கண்டன்சர் மாற்றினேன்.
காயில் மாற்றினேன், ஆயிரத்து முந்நூறு.
பிளக் முனையில் வந்த பொறி
சிவந்து, சோர்ந்து,
கடன் கேட்க வந்தவன் போல் வாசலிலேயே நின்றது.
டிக்.

ஒரு மணிக்கு டெஸ்ட் லாம்ப் பேசியது.
காயில் பிளஸ்ஸில் ஒரு முனை,
மறுமுனை பேட்டரி மைனஸில்:
பல்பு வெள்ளையாய்ச் சிரித்தது.
அதே மறுமுனையை இன்ஜின் இரும்பில் வைத்து
ரஃபீக்கைச் சாவி திருப்பச் சொன்னேன்:
பீடிக் கங்கு.

போவதில் குறையில்லை. திரும்புவதில்தான்.

இன்ஜின் ரப்பர் மெத்தைமேல் உட்கார்ந்திருக்கிறது.
ரப்பர் கரண்டை விடாது.
அதற்கும் பாடிக்கும் நடுவே உள்ள ஒரே வழி
ஒரு சாண் செம்புப் பட்டை.
மல்லாக்கப் படுத்து டார்ச் அடித்தேன்.
பட்டை இருந்தது. போல்ட்டும் இறுக்கம்.
பெயிண்டர் கழற்றி, அடித்து,
பொறுப்பாகத் திரும்ப மாட்டியிருக்கிறான்.
போல்ட்டுக்கு அடியில்
பாலாடை நிறத்தில், புத்தம் புதுசாய்,
பெயிண்ட்.

அப்போதுதான் அந்தக் குமிழ் ஞாபகம் வந்தது.
வழி அடைபட்ட கரண்ட் சும்மா நிற்காது.
கார்புரேட்டரிலிருந்து டேஷ்போர்டுக்குப் போகிற
சோக்கு கேபிள், சைக்கிள் பிரேக் கம்பி கனம்,
அதில் ஏறி
செல்ஃப் மோட்டாரின் மொத்தச் சுமையும்
வீடு திரும்பப் பார்த்திருக்கிறது,
மூன்று நாளாக.
அவள் விரல் நுனியில் சொல்லியும் இருக்கிறது.

"ஆச்சி, அது வெயில் இல்லை" என்றேன்.
"தெரியும். காலைல ஆறு மணிக்கும் சுட்டுச்சு."
எத்தனை மணிக்கு என்று
நாங்கள்தான் கேட்கவில்லை.

சுரண்ட வேண்டும் என்றதும்
தேனப்பன் முகம் மாறியது.
"எவ்வளவு?"
"எட்டணாக் காசு அகலம்."
"அப்புறம் மேல டச்சப் பண்ணிக்கலாமில்ல?"
"கூடாது."
அவர் அடுத்ததைக் கேட்குமுன்
உமையாள் என் பையிலிருந்து
கம்பி பிரஷை எடுத்து நீட்டினாள்.

பாலாடை உதிர்ந்தது. அடியில் சாம்பல் பிரைமர்.
அதற்கும் அடியில் ஒரு நீலம்,
இந்தக் கார் நீலமாக இருந்ததே
அண்ணன் தங்கை இருவருக்கும் தெரியாது.
அதற்கும் அடியில் இரும்பு,
கூச்சமில்லாமல் மினுங்கிக்கொண்டு.
பல் வாஷர் போட்டு இறுக்கி
மேலே வாசலின் தடவினேன்.

சாவி.
பிடித்துக்கொண்டது, முதல் சுற்றிலேயே.
உள்ளே கணக்கு எடுத்தவர்
எண்ணிக்கை தவறி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.
உமையாள் சோக்குக் குமிழை இழுத்துப் பிடித்தாள்.
ஒரு நிமிஷம். இரண்டு.
கையை எடுக்கவில்லை.

பில்லில் காயில் என்று எழுதினேன்.
எழுதியதை அடித்தேன்.
புதுசைக் கழற்றி ரஃபீக் பையில் போட்டுவிட்டுப்
பழசையே மாட்டினேன்.
நல்ல காயில் அது.
காலையிலும் நன்றாகத்தான் இருந்தது.